கரைத்த பிறகு என்ன? உலோக வேதியியல் கேள்வி – பதில்

தாதுவில் அமிலமோ காரமோ ஊற்றினால் ஏதோ ஒன்று கரையத்தான் செய்யும். கரைந்ததிலிருந்து வேண்டியதை மட்டும் எப்படித் திரும்ப எடுப்பது, எடுக்கும்போது ஏன் கெட்டுப்போகிறது? இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே இருக்கின்றன.

கேள்வி: செம்பு ஆலையில் கரைப்பான் பிரிப்புத் தொட்டியில், இரண்டு திரவங்களுக்கும் நடுவே பாசி போல ஒரு படலம் சேர்ந்துகொண்டே போகிறது. உறிஞ்சி எடுத்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. எங்கே கோளாறு?

பதில்: அதற்கு ஆலைகளில் ‘க்ரட்’ என்று பெயர். எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு பிரிய விடாமல், நுண்ணிய திடத்துகள்கள் நடுவில் பிடித்து நிறுத்துவதால் உண்டாவது. உறிஞ்சி எடுப்பது அவசியம்தான். ஆனால் குழாய் ஒழுகுவதை விட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நிற்காது.

இந்த முறையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆக்சைடு வகைச் செம்புத் தாதுக் குவியல் மேல் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டவிட்டு வடித்தால், லிட்டருக்கு 1 முதல் 6 கிராம் வரை செம்பு உள்ள கரைசல் கிடைக்கும். அதன் பி.எச். 1.5 முதல் 2 வரை இருக்கும். மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கரைத்த ஆக்சைம் என்ற, செம்பைப் பிடிக்கும் சேர்மத்தோடு இதைக் கலக்கினால் செம்பு எண்ணெய்க்குத் தாவும். பதிலுக்கு அமிலம் நீருக்கு வரும். ஒரு கிலோ செம்பு தாவும்போது 1.54 கிலோ கந்தக அமிலம் நீரில் சேர்கிறது. அந்த நீரைத்தான் குவியலுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். செம்பு ஏறிய எண்ணெயை, லிட்டருக்குச் சுமார் 180 கிராம் அமிலம் உள்ள மின்பகுளியோடு கலக்கினால் செம்பு மறுபடி நீருக்கு இறங்கும். கடைசியில் மின்தொட்டி: அங்கே மின்சாரம் செம்பைத் துருப்பிடிக்கா எஃகுத் தகட்டில் படியவைக்கும்.

இனி உங்கள் கோளாறு. உறிஞ்சிய க்ரட்டைக் கழுவி, உலர்த்தி, மிஞ்சும் திடப்பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். களிமண்ணும் தாதுத்தூளும் இருந்தால் உள்ளே வரும் கரைசல் தெளியவில்லை என்று பொருள். தெளிவுக்குளத்தில் உறிஞ்சுகுழாயின் வாய் சேற்றுக்கு அருகில் இருக்கிறதா, மழைநீர் கலங்கலைக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்று பாருங்கள். பசை போன்ற சிலிக்கா வந்தால், குவியலில் அமிலம் அளவுக்கு மேல் போய்ச் சிலிகேட் பாறையையும் கரைக்கிறது. அதற்குக் குளத்தைச் சுத்தம் செய்து பயனில்லை, அமில அளவைத்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் காற்று. கலக்கியின் வேகம் கூடினாலோ, கலவைப் பெட்டியில் திரவ மட்டம் தாழ்ந்தாலோ சுழலில் காற்று இறங்கும். குமிழிகள் துகள்களை எல்லைக்கோட்டுக்குத் தூக்கிவந்து சேர்த்துவிடும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை: கலவையில் எந்தத் திரவம் தொடர்ச்சியாக இருக்கிறது, எது துளியாக இருக்கிறது? மின்கடத்தல் மானியை விட்டுப் பாருங்கள். நீர் தொடர்ச்சியாக இருந்தால் மின்சாரம் நன்றாகக் கடத்தும். எண்ணெய் தொடர்ச்சியாக இருந்தால் கடத்தாது. செம்பு ஏறிய எண்ணெய் வெளியேறும் பெட்டியை நீர்த் தொடர்ச்சியில் ஓட்டினால், எண்ணெயோடு நீர்த்துளி இழுபட்டுப் போவது குறையும். செம்பு இழந்த நீர் வெளியேறும் பெட்டியில் எண்ணெய்த் தொடர்ச்சி வேண்டும், இல்லையென்றால் விலை கூடிய எண்ணெய் குவியலுக்குப் போய்விடும். சிலிக்கா மிகுந்த கரைசல் என்றால் எண்ணெய்த் தொடர்ச்சியே பாதுகாப்பு. ஒரு பெட்டி தானாகவே ஒன்றிலிருந்து மற்றதற்குப் புரளும்போது, அதுவரை அமைதியாகக் கிடந்த க்ரட் முழுவதும் கிளம்பி அடுத்த தொட்டிக்குப் போகும். நிறுத்திய கலக்கியை மறுபடி ஓட்டும்போது சுழலி எந்தத் திரவத்தில் நிற்கிறதோ, அதுவே பெரும்பாலும் தொடர்ச்சியாக அமையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணெயே கெட்டிருக்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. புதிய எண்ணெயையும் ஆலை எண்ணெயையும் தனித்தனிக் குவளைகளில் ஒரே கரைசலோடு, ஒரே வேகத்தில் கலக்கி நிறுத்தி, பிரிவதற்கு ஆகும் நேரத்தை அளந்து பாருங்கள். ஆலை எண்ணெய் வெகுநேரம் எடுத்தால் அதைப் பெண்ட்டோனைட் களிமண்ணோடு கலக்கி வடிகட்ட வேண்டும்.

இதை அலட்சியப்படுத்தினால் விலை மின்தொட்டியில் தெரியும். இழுபட்டு வரும் நீர்த்துளி இரும்பைக் கொண்டுவருகிறது. இரும்பு எதிர்மின்வாயில் ஒடுங்கி நேர்மின்வாயில் மறுபடி ஏறி, சும்மா சுற்றியே மின்சாரத்தைத் தின்னும். லிட்டருக்கு ஒரு கிராம் ஃபெர்ரிக் இரும்பு, மின்னோட்டத் திறனில் 2 முதல் 3 சதவீதத்தைக் கொண்டுபோகும். குளோரைடு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் துருப்பிடிக்கா எஃகுத் தகட்டில் குழி விழுந்து, செம்பு உரிய மறுக்கும். மாங்கனீசு இன்னும் மோசம். நேர்மின்வாயில் அது பெர்மாங்கனேட்டாக மாறி, திரும்பிப் போய் ஆக்சைமையே சிதைக்கும். எண்ணெய் கெட்டால் க்ரட் கூடும், க்ரட் கூடினால் மாங்கனீசு கூடும். இந்தச் சுழற்சியில் மாட்டாமலிருக்கத்தான், மின்பகுளியில் மாங்கனீசைப் போல் பத்து மடங்கு இரும்பு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மேலே திட்டிய இரும்புக்கு இங்கே கொஞ்சம் மரியாதை உண்டு.

கேள்வி: உப்புநீரில் அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும் செலுத்திச் சோடியத்தைக் கார்பனேட்டாக்கும் சால்வே முறையிலேயே பொட்டாசியம் கார்பனேட்டையும் செய்யலாமே?

பதில்: செய்ய முடியாது. அந்த முறை ஓடுவதே சோடியம் பைகார்பனேட் சரியாகக் கரையாமல் படிவதால்தான். 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சோடியம் பைகார்பனேட் ஏறத்தாழ 10 கிராம் கரையும். பொட்டாசியம் பைகார்பனேட் 33 கிராமுக்கு மேல் கரையும். அது படியாமல் கரைசலிலேயே இருந்துவிடும். அதனால் பொட்டாசியம் குளோரைடை மின்னாற்பகுத்து, கிடைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்துகிறார்கள்.

கேள்வி: தங்கச் சயனைடு ஆலையில் மீட்பு விகிதம் சில வாரங்களாக இறங்கிக்கொண்டே போகிறது. சயனைடு அளவைக் கூட்டியும் பலனில்லை. சுண்ணாம்பையும் கூட்டச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: காரணம் தெரியாமல் எதையும் கூட்டாதீர்கள். முதலில் ஒரு கணக்கு. ஒரு கிராம் தங்கத்தைக் கரைக்க வேதியியல் கேட்பது அரை கிராம் சோடியம் சயனைடு. டன்னுக்கு 3 கிராம் தங்கம் உள்ள தாதுவுக்கு ஒன்றரை கிராம் போதும். ஆலைகளோ டன்னுக்குச் சில நூறு கிராம் போடுகின்றன. மீதி எல்லாம் செம்பும் இரும்பும் கந்தகமும் சாப்பிடும் பங்கு. எனவே மீட்பு குறைந்தால், யார் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

கழிவுச் சேற்றை வடிகட்டி, திடத்தில் எவ்வளவு தங்கம், நீரில் எவ்வளவு தங்கம் என்று தனித்தனியாகப் பாருங்கள். இந்த ஒரு பிரிவினையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நீரில் தங்கம் மிஞ்சினால் தாது நன்றாகத்தான் கரைகிறது, கரைந்த தங்கத்தைப் பிடிக்க வேண்டிய கரிதான் பிடிக்கவில்லை. கிளர்வுற்ற கரியின் துளைகளைக் கால்சியம் கார்பனேட்டும் எண்ணெய்ப்பசையும் அடைத்திருக்கும். சுமார் 3 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் சுண்ணப் படிவு போகும். எண்ணெய்ப்பசை அப்படிப் போகாது. காற்றுப் புகாத சூளையில் நீராவியோடு 650 முதல் 750 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அமிலத்தில் கழுவும் முன் கரியில் ஒட்டிய சயனைடு நீரால் முழுக்கக் கழுவப்பட்டிருக்க வேண்டும். அமில வடிகாலும் சயனைடு வடிகாலும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. இன்னொன்று, சல்லடை கிழிந்திருந்தால் தேய்ந்த கரித்தூள் தங்கத்தோடு கழிவில் போய்க்கொண்டிருக்கும். கரித்தூளில் உள்ள தங்கம் ‘திடத்தில் மிஞ்சிய தங்கம்’ என்று கணக்கில் ஏறி, உங்களைத் தவறான பக்கம் தேட வைக்கும்.

திடத்திலேயே தங்கம் மிஞ்சினால், அதை 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, பெரிய துகளிலும் சிறிய துகளிலும் தனித்தனியே பாருங்கள். பெரிய துகளில் மட்டும் இருந்தால் அரைவை சரியில்லை, அல்லது மணல் போன்ற பெரிய தங்கத்துகள் ஈர்ப்பு முறையில் முன்கூட்டியே எடுக்கப்படவில்லை. எல்லா அளவிலும் சமமாக மிஞ்சினால் தங்கம் பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகத் தாதுக்களுக்குள் பூட்டிக் கிடக்கலாம். அப்போது எவ்வளவு சயனைடு ஊற்றினாலும் உள்ளே போகாது. வறுத்தோ, அழுத்தக்கலனில் ஆக்சிஜனேற்றியோ, பாக்டீரியாவைக் கொண்டோ கந்தகத்தை உடைத்துத்தான் திறக்க வேண்டும். தாதுவிலேயே இயற்கைக் கரி இருந்தால் அது கரைந்த தங்கத்தைத் திருடி வைத்துக்கொள்ளும். அத்தகைய தாதுவுக்குக் கரைக்கும் தொட்டியிலேயே நம் கரியையும் போட்டுப் போட்டியிட வைப்பது வழக்கம்.

ஆக்சிஜனையும் மறந்துவிடாதீர்கள். சயனைடு தனியாகத் தங்கத்தைக் கரைக்காது. நான்கு தங்க அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு கட்டாயம். காற்று ஊதினால் நீரில் கரைவது லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். தாதுவில் பைரோடைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) கூடியிருந்தால் அது முழுவதையும் உறிஞ்சிவிடும். சயனைடு சேர்க்கும் முன்பே சுண்ணாம்போடு சில மணி நேரம் காற்றூதி அதன் பசியைத் தணித்துவிடுங்கள். செம்பு என்றால் கணக்கு நேரடியானது: கரையும் ஒவ்வொரு கிராம் செம்பும் சுமார் 2.3 கிராம் சோடியம் சயனைடைக் கட்டிப்போடும். செம்புத் தாதுக்களில் மாலகைட், சால்கோசைட் வேகமாகக் கரையும். சால்கோபைரைட் அவ்வளவாகக் கரையாது. ஆகவே மொத்தச் செம்பை அளப்பதைவிட, சயனைடில் கரையும் செம்பை அளப்பதே பயன்.

சுண்ணாம்புக்கு வருகிறேன். பி.எச். 10.5-இல் சயனைடில் சுமார் 5 சதவீதமே ஹைட்ரஜன் சயனைடாக இருக்கும். 9.2-இல் பாதி. 8-க்கு இறங்கினால் 94 சதவீதம். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியில் கொதிக்கும் நச்சு. அதனால் சுண்ணாம்பு எப்போதும் முதலில், சயனைடு பிறகு. 10.5-இல் நிற்கிறீர்கள் என்றால் மேலும் கூட்டுவதால் லாபமில்லை. 11.5-ஐத் தாண்டினால் கரைதல் மந்தமாகும், கரியில் சுண்ணப் படிவும் கூடும். சொல்லப்போனால் உங்கள் கோளாறே அதுவாக இருக்கலாம்.

கேள்வி: துத்தநாகம் ஹைட்ரஜனைவிட வினைத்திறன் கூடியது என்று படித்தோம். அப்படியானால் அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன்தானே வர வேண்டும்? துத்தநாகம் எப்படிப் படிகிறது? — கல்லூரி மாணவி

பதில்: பாடப்புத்தகத்தின்படி நீங்கள் கேட்பது சரி. துத்தநாகத்தின் திட்ட மின்னழுத்தம் –0.76 வோல்ட், ஹைட்ரஜனுக்குப் பூஜ்யம். ஆனால் தூய துத்தநாகப் பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து குமிழியாவது மிகமிக மந்தம். ஆலையில் ஓடும் மின்னோட்ட அடர்த்தியில், அதாவது சதுர மீட்டருக்கு 400 முதல் 600 ஆம்பியர் வரையில், அதைத் தள்ள 0.7 வோல்ட்டுக்கும் மேல் கூடுதல் அழுத்தம் வேண்டும். அந்தத் தயக்கத்தின் இடுக்கில்தான் துத்தநாகத் தொழில் முழுவதும் நிற்கிறது.

அதனால்தான் தூய்மை பற்றி அங்கே அத்தனை பயம். ஜெர்மானியம், ஆண்ட்டிமனி இரண்டும் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தாலே தொல்லை. அவை படிந்த புள்ளியில் ஹைட்ரஜன் தாராளமாகக் கிளம்பும். அங்கே துத்தநாகம் மறுபடி அமிலத்தில் கரையும். தகட்டில் பொத்தல் விழும். கோபால்ட்டும் நிக்கலும் இதே வேலையைக் கொஞ்சம் தாமதமாகச் செய்யும். பொத்தல் தெரியும் நாளில் தொட்டியைக் குளிர்விப்பதும் (35 முதல் 40 டிகிரிக்கு மேல் போக விடக்கூடாது), 48 மணி நேரத்துக்குப் பதில் 24 மணியிலேயே தகட்டை உரிப்பதும் தற்காலிக நிவாரணம். நிரந்தரமான வழி முன்கட்டத்தில் இருக்கிறது.

செம்பு, காட்மியம், கோபால்ட் ஆகியவற்றைத் துத்தநாகத் தூள் போட்டு வெளியேற்றலாம். கோபால்ட்டுக்குச் சூடும், சிறிது ஆண்ட்டிமனியோ ஆர்சனிக்கோ துணையாகவும் வேண்டும். ஜெர்மானியத்தையும் ஆண்ட்டிமனியையும் பெருமளவில் பிடிப்பது இரும்பு. பி.எச். 5 அளவில் ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு படியும்போது அவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. கரைசலில் இரும்பு மிகக் குறைந்தால் துத்தநாகம் கெடும் என்பது புதியவர்களுக்கு நம்பமுடியாமல் இருக்கும். அதிகமானாலும் சங்கடம்: ஹைட்ராக்சைடு கூழாகி வடிகட்டித் துணியை அடைத்துவிடும். அதற்காகத்தான் பெருமளவு இரும்பை 95 டிகிரியில், பி.எச். 1.5 அளவில், சோடியம் அல்லது அமோனியம் அயனி சேர்த்து ஜாரோசைட் என்ற இரும்புச் சல்ஃபேட் படிகமாக இறக்குகிறார்கள். அது மணல் போல எளிதில் வடியும்.

மின்செலவு: ஒரு ஆம்பியர்-மணிக்கு 1.22 கிராம் துத்தநாகம். 3.3 வோல்ட், 90 சதவீதத் திறன் என்று வைத்தால் கிலோவுக்கு 3 யூனிட். செம்புக்கு 2 வோல்ட்டில் 1.8 யூனிட்டே ஆகும்.

கேள்வி: லித்தியம் கார்பனேட்டைக் கொதிநிலைக்கு அருகில் படிய வைப்பது ஏன்? குளிர்வித்தால்தானே உப்புகள் படியும்?

பதில்: லித்தியம் கார்பனேட் தலைகீழ். 0 டிகிரியில் 100 மில்லி லிட்டர் நீரில் 1.5 கிராம் கரைவது, 100 டிகிரியில் 0.7 கிராமாகக் குறைகிறது. அதனால் 90 – 95 டிகிரியில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலை மெல்லச் சேர்க்கிறார்கள். ஒரு கிலோ லித்தியம் கார்பனேட்டுக்கு 1.43 கிலோ சோடா ஆஷ் என்பது கணக்கு.

இந்தக் குணத்தை மறந்தால் மூன்று இடங்களில் அடி விழும். படிவைக் குளிர்ந்த நீரில் கழுவினால் சரக்கு கரைந்து ஓடும். வெந்நீரில்தான் கழுவ வேண்டும். வெப்பக் குழாயின் பரப்புதான் தொட்டியிலேயே சூடான இடம் என்பதால் படிவு முதலில் அங்கேயே கெட்டியாக ஒட்டி, வெப்பம் உள்ளே போகாமல் தடுக்கும். சோடாவை அவசரமாகக் கொட்டினால் பொடிப்படிகமாக இறங்கி, நடுவில் சோடியத்தையும் சல்ஃபேட்டையும் அடைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது. அப்படிப்பட்ட சரக்கைக் குளிர்ந்த நீரில் கூழாக்கிக் கார்பன் டைஆக்சைடு செலுத்தினால், நன்றாகக் கரையும் பைகார்பனேட் ஆகும். வடிகட்டி மறுபடி சூடாக்கினால் தூய கார்பனேட் படியும். மின்கலத் தரத்துக்கு இதுவே வழி.

தாதுவிலிருந்து லித்தியத்தைக் கரைக்கும் முந்தைய கட்டம் பற்றியும் கொஞ்சம். லித்தியம் உள்ள ஸ்போடுமீன் தாதுவை அப்படியே அமிலத்தில் போட்டால் அசையாது. 1050 டிகிரி அளவில் சுட்டால் படிக அமைப்பு மாறி, ஏறத்தாழ 30 சதவீதம் உப்பிப் பொடியும். பிறகு 250 டிகிரியில் கந்தக அமிலத்தோடு வறுத்து நீரில் கரைக்கலாம்.

கேள்வி: கந்தக அமில ஆலையில் கந்தக டிரைஆக்சைடை நேராகத் தண்ணீரில் விட்டால் என்ன?

பதில்: அமிலப் புகைமூட்டம்தான் கிடைக்கும். நீராவியும் டிரைஆக்சைடும் காற்றிலேயே சந்தித்து நுண்துளியாகிவிட்டால் எந்தக் கோபுரமும் அதைப் பிடிக்காது. சுமார் 98.3 சதவீத அமிலத்தின் மேல் நீராவியும் மிகக் குறைவு, டிரைஆக்சைடு ஆவியும் மிகக் குறைவு. அதனால் அதில் உறிஞ்சவைத்து, தேவையான நீரை அமிலத்தோடு சேர்க்கிறார்கள். புகைபோக்கியில் வெண்புகை தெரிந்தால் முதலில் உறிஞ்சும் அமிலத்தின் செறிவைப் பாருங்கள், அடுத்து உலர்த்தும் கோபுரத்தைத் தாண்டி ஈரம் வருகிறதா என்று.

கேள்வி: அலுமினா ஆலையில் பாக்சைட்டில் சிலிக்கா சற்றுக் கூடினாலே எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) செலவு எகிறுவது ஏன்?

பதில்: எல்லாச் சிலிக்காவும் அல்ல. மணலாக இருக்கும் குவார்ட்ஸ், 150 டிகிரிக்குக் கீழே ஓடும் ஆலையில் பெரும்பாலும் அப்படியே சிவப்புச் சேற்றோடு போய்விடும். களிமண்ணாக இருக்கும் சிலிக்காதான் எரிசோடாவில் கரைந்து, பிறகு சோடியம் அலுமினோசிலிகேட்டாகப் படியும். படியும்போது ஒரு கிலோ சிலிக்காவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிசோடாவையும், கூடவே அலுமினாவையும் இழுத்துக்கொண்டு போகும். வெப்பக்குழாயில் கெட்டியாக ஒட்டவும் செய்யும். அரைத்த குழம்பை 95 – 100 டிகிரியில் எட்டு மணி நேரமாவது நிறுத்தி வைத்தால் அந்தப் படிவு தொட்டியிலேயே உண்டாகிவிடும், குழாய் தப்பிக்கும். எரிசோடா இழப்பு மட்டும் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: பழைய கணினி அட்டைகளிலிருந்து ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) தங்கம் எடுக்க வீட்டில் முயல்கிறேன். கரைசல் பச்சையாக ஆகிறது, தங்கம் படிவதேயில்லை. ஏன்?

பதில்: முதலில் வீட்டில் செய்வதை நிறுத்துங்கள். கிளம்பும் பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு. சுவாசித்த நேரத்தில் லேசான இருமல் மட்டும் இருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். எரிசோடாக் கரைசலில் புகையைக் கழுவும் புகைக்கூண்டு இல்லாத இடத்தில் இந்த வேலை கிடையாது.

வேதியியலுக்கு வருவோம். பச்சை நிறம் செம்புடையது. செம்பு உலோகமாக மிச்சம் இருக்கும்வரை, கரைந்த தங்கமும் அதன் மேலேயே திரும்பப் படியும். ஆகவே முலாம் பூசிய முனைகளை மட்டும் வெட்டியெடுத்து, செம்பை முதலில் தனியாக நீக்க வேண்டும். ஈயப்பற்று இருந்தால் வெள்ளீயம் நைட்ரிக் அமிலத்தில் கூழாகி வடிதாளை அடைக்கும். அதை முன்பே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போக்கிவிடுவார்கள்.

அடுத்த காரணம், மிஞ்சிய நைட்ரிக் அமிலம். தங்கத்தைப் படிய வைக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் உப்பைப் போட்டதும் படியும் தங்கத்தை அது மறுபடி கரைத்துவிடும். ஆய்வகங்களில் சூடான கரைசலில் சல்ஃபாமிக் அமிலத்தைச் சிறிதுசிறிதாக, பொங்கல் நிற்கும்வரை சேர்த்து நைட்ரிக்கை அழிக்கிறார்கள். அப்போது உண்டாகும் கந்தக அமிலம் ஈயத்தை வெண்படிவாக இறக்கிவிடுவது கூடுதல் நன்மை. பிறகு குளிர்ந்த நீரால் மும்மடங்கு நீர்த்து, வெள்ளிக் குளோரைடு அடியில் தங்கியதும் வடிகட்டி, அதன் பின்னரே மெட்டாபைசல்ஃபைட். தங்கம் பழுப்புத் தூளாகத்தான் விழும், மின்னாது. கரைசலில் தங்கம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு துளியில் ஸ்டானஸ் குளோரைடு விடுங்கள். ஊதா நிறம் வந்தால் இருக்கிறது.

அளவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மைக்ரான் தடிப்புள்ள முலாமில் சதுர சென்டிமீட்டருக்கு 1.9 மில்லிகிராம் தங்கம். ஒரு கிராமுக்கு 500 சதுர சென்டிமீட்டருக்கு மேல் முலாம் வேண்டும். மிஞ்சும் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் செம்புத் துண்டு போட்டு வைத்தால் மிச்சத் தங்கம் வெளிவரும், பின் இரும்புத் துண்டு போட்டால் செம்பு வெளிவரும், அதன் பின் காரம் சேர்த்து பி.எச். 9 அளவுக்குக் கொண்டுவந்து, படியும் ஹைட்ராக்சைடை வடித்துக் கழிவு ஏற்பவரிடம் கொடுக்க வேண்டும்.